"அதுவா போகட்டும்" என்று விட்டுவிடாதீர்கள்

சம்பா அறுவடை முடிந்ததும் டெல்டாவில் மாடுகளை அவிழ்த்துவிட்டுவிடுகிறோம். பகலெல்லாம் அறுத்த வயலில் மேய்ந்துவிட்டு, இருட்டியதும் காய்ந்த இடம் தேடித் தார்ச்சாலையில் வந்து படுத்துக்கொள்கின்றன. வேதாரண்யம், முத்துப்பேட்டை பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். கால்நடை மருத்துவரான எனக்கு விடியற்காலையில் வரும் போன் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாலைகளிலிருந்துதான். அடித்த வண்டி போயிருக்கும். மாடு ஓரமாகக் கிடக்கும். சுற்றிலும் கூட்டம்.

பிழைக்க வழியில்லாத மாட்டை ஊசி போட்டு வலியில்லாமல் கருணைக்கொலை செய்துவிடலாம் என்று நான் சொன்னால், அங்கே கட்டாயம் ஒருவர் சொல்வார்: "அதுவா போகட்டும் சார், நமக்கு எதுக்கு அந்தப் பாவம்." சொல்பவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பசுவின் உயிர் தன் சம்மதத்தோடு போனதாக இருக்கக்கூடாது என்கிற பயம் அவருக்கு. அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் முதுகெலும்பு முறிந்த மாடு உடனே போய்விடாது. நாள்கணக்கில் கிடக்கும். ஒரே பக்கமாகப் படுத்து வயிறு உப்பும். அடியில் இருக்கும் தோல் அழுகும், காயத்தில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். கண்ணைக் கொத்த வரும் காக்காயை விரட்ட அதால் முடியாது. பாவத்துக்கு அஞ்சுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகப் படுத்த மாடெல்லாம் முடிந்துபோன மாடு என்று நினைத்துவிடாதீர்கள். கன்று போட்ட ஓரிரு நாளில் எழுந்திருக்க முடியாமல் கழுத்தை மடக்கிக் கிடக்கிற கறவைக்குப் பெரும்பாலும் பால் காய்ச்சல்தான். ரத்தத்தில் கால்சியம் குறைந்திருக்கும். நரம்பில் மெதுவாக கால்சியம் ஏற்றினால் அநேகமாகச் சில மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடும். கன்றுக்குட்டிக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோல் கிழியாமல் இருந்தால் மாவுக்கட்டுப் போட்டே சேர்த்துவிடலாம். வளர்ந்த மாட்டுக்குத் தொடை எலும்பு முறிவதும், தண்டுவடம் அறுபடுவதும் வேறு கதை. இந்த வித்தியாசத்தைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு "இது தேறாது" என்று யாரும் தீர்ப்பு எழுதக்கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு வேதாரண்யம் பக்கம் உம்பளச்சேரி என்ற நாட்டு இனக் காளை ஒன்றைப் பார்த்தேன். நடுமுதுகில் தென்னைமரம் விழுந்திருந்தது. வால் துவண்டு கிடந்தது, சிறுநீர் தானாகச் சொட்டிக்கொண்டிருந்தது. பின்னங்கால் குளம்புகளுக்கு நடுவே இடுக்கியால் அழுத்தினேன். கால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. "உணர்ச்சி இருக்கு டாக்டர், காலை இழுக்குது பாருங்க!" என்றார் வளர்த்தவர். நான் பார்த்துக்கொண்டிருந்தது காலை இல்லை, முகத்தை. வலி மூளைக்குப் போயிருந்தால் மாடு தலையைத் திருப்பும், கத்தும், கண் விரியும். இந்தக் காளை எதுவுமே நடக்காதது மாதிரி எதிரே இருந்த வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டுவடம் நடுவில் அறுந்துபோனாலும் அதற்குக் கீழே உள்ள பகுதி தானாகவே காலை இழுக்கும். அதை நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு பல பேர் வாரக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவரிடம் இதை விளக்கிச் சொன்னேன். தலையைத் தடவிக் கொடுத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம் ஊசிக்குச் சரி என்றார்.

ஊசி என்றதும் விஷ ஊசி என்று பலரும் நினைக்கிறார்கள். நாங்கள் செய்வது அது இல்லை. முதலில் சைலசின் மாதிரி ஒரு மயக்க மருந்து கொடுப்போம். மாடு தலையைத் தொங்கப்போட்டுத் தூங்க ஆரம்பிக்கும். பிறகு தியோபென்டோன் போன்ற மருந்தை அளவுக்கு மேல் நரம்பில் செலுத்துவோம். ஆழ்ந்த மயக்கத்திலேயே மூச்சும் இதயமும் நின்றுவிடும். கருவிழியை விரலால் தொட்டால் இமை அசையக்கூடாது. ஸ்டெதாஸ்கோப்பை வைத்துச் சில நிமிடங்களாவது கேட்ட பிறகுதான் இறந்தது என்று சொல்வோம். அதற்குப் பிறகும் தசை துடிக்கலாம், ஒன்றிரண்டு முறை மூச்சு இழுக்கிற மாதிரி வரலாம், கண் மூடாது. இதை முன்கூட்டியே வீட்டாரிடம் சொல்லிவிடுவேன். சொல்லாமல் விட்டால், உயிரோடு இருக்கும்போதே விட்டுவிட்டோமோ என்று அவர்கள் வெகுநாள் தவிப்பார்கள்.

பூச்சிமருந்தை வாயில் ஊற்றுவதும், கடப்பாரையால் அடிப்பதும் கொடுமை. மெக்னீசியம் சல்பேட்டை மயக்கம் கொடுக்காமல் ஏற்றுவதும் அப்படித்தான். நினைவு இருக்கும்போதே உடம்பை முடக்கி மூச்சைத் திணற வைக்கும். விழுந்த மாட்டைக் கயிறு கட்டி இழுத்து மினி லாரியில் ஏற்றி வியாபாரிக்கு அனுப்புவதை நான் இவற்றுக்குக் குறைந்ததாக நினைக்கவில்லை. பயணத்துக்குத் தகுதி என்று மருத்துவர் சான்று தராத மாட்டை ஏற்றக்கூடாது என்பது 1978ஆம் ஆண்டிலிருந்தே விதி.

டாக்டர் வரும்வரை செய்ய வேண்டியது கொஞ்சம்தான். 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். அடியில் வைக்கோல் போட்டு நிழல் கட்டுங்கள். கூட்டத்தைக் கலைத்தாலே மாட்டின் பதற்றம் பாதி அடங்கும்.

சொந்தக்காரர் இருந்தால் அவர் சம்மதம் போதும். ஆள் தெரியாத மாடு என்றால் காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவில் இதற்கு வழி இருக்கிறது: கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள காவல் அதிகாரி கால்நடை மருத்துவரை வரவழைத்து, உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற சான்றைப் பெற்று, மாஜிஸ்திரேட்டின் உத்தரவோடு செய்யலாம்.

காட்டு உயிர் என்றால் நீங்களோ நானோ முடிவெடுக்க முடியாது. மழைக்காலத்தில் வயலில் கண்ணி வைத்தும் ஏர்கன்னால் சுட்டும் கொக்கு, மடையான், நாரை பிடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அந்த வேட்டையே குற்றம். இறக்கை ஒடிந்த பறவை வரப்பில் கிடந்தால் கழுத்தைத் திருகி "முடித்து வைக்கிற" உரிமையும் யாருக்கும் இல்லை. காற்றுப் போகிற அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வண்டியில் அடிபட்ட மயிலுக்கும் அதுதான். கோடியக்கரைப் பக்கம் நாய் துரத்திய வெளிமானைக் கண்டால் இன்னும் கவனம் வேண்டும். காயம் சின்னதாக இருந்தாலும் மிரட்சியிலேயே தசை சிதைந்து செத்துப்போகிற சாதி அது. வனத்துறையினர் வரும்வரை நாய்களை விரட்டிவிட்டு, ஆட்களைத் தள்ளி நிற்க வையுங்கள். போட்டோ எடுக்கிறேன் என்று நெருங்காதீர்கள்.

ஊசி போட்ட மாட்டின் கறியைச் சாப்பிடக்கூடாது, மருந்து அதில் தங்கியிருக்கும். வெளியே வீசினால் அதைத் தின்கிற நாயும் பருந்தும் சாகும். நம் ஊரில் நாலு அடி தோண்டினாலே தண்ணீர் வரும் இடங்கள் உண்டு. வாய்க்கால், கிணறு பக்கம் இல்லாத மேட்டில் இடம் பார்த்து, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மாட்டுக்கு இன்சூரன்ஸ் இருந்தால், ஊசி போடுவதற்கு முன்பே கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். அடையாளத்துக்குக் காதில் மாட்டியிருக்கும் வில்லையை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பிரேதப் பரிசோதனைச் சான்று எழுதி முடியும்வரை அது காதிலேயே இருக்கட்டும்.