செவிப்பதியம்

"யார் காதை எடுத்து இவனுக்கு வைப்பாங்க அண்ணா?" என்று கேட்டார் எங்கள் தெருப் பெண் ஒருவர். மகனுக்கு 7 வயது. பிறவியிலேயே காதுத்துளை இல்லை. மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையில் 'செவி மாற்று அறுவை சிகிச்சை' என்று போட்டிருந்தது. சிறுநீரக மாற்று, இதய மாற்று என்று கேட்டுப் பழகியவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்?

இதில் எதையும் மாற்றுவதில்லை. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீள டைட்டேனியம் திருகாணியைப் பதிக்கிறார்கள். வெளியே அதில் மாட்டும் கருவி ஒலியை அதிர்வாக்கி, மண்டையோட்டின் வழியே உட்செவிக்கு அனுப்புகிறது. உட்செவி நன்றாக இருந்தால் போதும், கேட்கும்.

ஆங்கிலத்தில் இம்ப்ளான்ட். நடுதலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

'மாற்று' தவறு என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட 'உள்வைப்பு' என்கிறார்கள். எனக்கு அதிலும் உடன்பாடில்லை. 'உள்வைப்பில் கோளாறு' என்றால் கோளாறு கருவியிலா, அறுவையிலா? அப்புறம், வைத்ததை எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்; வங்கி வைப்பு அப்படித்தான். இந்தத் திருகாணியோ எலும்போடு ஒன்றிப்போவது. 1950களில் சுவீடன் நாட்டு மருத்துவ ஆய்வாளர் பிரோனெமார்க், முயல் எலும்பில் பொருத்திய டைட்டேனியத்தைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. எலும்பு அதைக் கவ்விக்கொண்டிருந்தது. அந்தப் பிடிப்பை நம்பித்தான் 1977இல் கோத்தன்பர்க் நகரில் கேட்கும் கருவிக்காக முதன்முதலில் இதைப் பதித்தார்கள்.

நம்மிடம் 'பதியம்' இருக்கிறது. மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் பதித்தால், வேர் பிடிக்கும்வரை அதை யாரும் அசைப்பதில்லை. இங்கும் எலும்பு பிடிக்கச் சில வாரமோ மாதமோ காத்திருந்துதான் கருவியை மாட்டுகிறார்கள். தோட்டத்துச் சொல் மருத்துவத்துக்கு ஆகாது என்பார்கள். ஆங்கிலச் சொல் எங்கிருந்து வந்ததாம்? 'செவிப்பதியம்' என்று சொல்லி விளக்கியதும் அந்தப் பெண், "வேர் பிடிக்க எத்தனை நாளாகும்?" என்றுதான் கேட்டார்.

அதே துண்டறிக்கையில் 'எலும்பு கடத்தல் கருவி' என்று வேறு இருந்தது. மின்கடத்தி சரி, பாடத்தில் படித்தது. ஆனால் 'எலும்பு கடத்தல்' என்றால் நாளிதழ் படிப்பவர் மனத்தில் மணல் கடத்தல்தான் வரும். காதைப் பொத்திக்கொண்டு முறுக்கைக் கடித்தால் மண்டைக்குள் நொறுங்குகிறதே, அதுதான் 'எலும்புவழிக் கேட்டல்'. இதைவிடத் தெளிவான சொல் எதற்கு? நோயின் பெயரைக் 'கடத்தல் கேளாமை' என்று எழுதுவது இன்னும் மோசம். அங்கே ஒலி போகும் வழியில்தான் தடை. 'ஒலிவழித் தடை' என்று எழுதியிருந்தால் அந்தத் தாய் என்னிடம் வந்திருக்கவே வேண்டாம்.