ஜூரிக்கு ஜட்ஜ் சொல்றது அறிவுரையா, அறிவுறுத்தலா?

அமெரிக்காவுல நடக்கற கொலை கேஸ் பத்தி தமிழ்ல நியூஸ் வரும்போது 'ஜூரிகளுக்கு நீதிபதி அறிவுரை வழங்கினார்'னு ஒரு வரி வந்தா எனக்கு உறுத்தும். ஏதோ ஊர்ப் பெரியவர் உக்காரவெச்சு 'பாத்து நல்லபடியா சொல்லுங்கப்பா'னு தட்டிக்கொடுத்து அனுப்பின மாதிரி இருக்கு. அங்க நடக்கறது அது இல்லைங்க. கேஸைக் கேட்டு தீர்ப்பு சொல்ற சாதாரண ஜனங்கதான் ஜூரி, அவங்க முடிவெடுக்கறதுக்காக ஜட்ஜ் படிச்சுக் காட்டற சட்ட விளக்கம்தான் ஜூரி இன்ஸ்ட்ரக்‌ஷன். அறிவுரைன்னா கேக்கலாம், கேக்காமலும் போகலாம். ஜூரி இன்ஸ்ட்ரக்‌ஷன் அப்படி இல்ல, கலிபோர்னியா கோர்ட்டுங்கள்ல படிக்கற வாசகத்துலயே 'உங்களுக்கு உடன்பாடு இல்லாட்டியும் நான் விளக்கற சட்டத்தைத்தான் நீங்க பின்பற்றணும்'னு இருக்கு. என்ன நடந்துச்சுன்னு முடிவு பண்றது ஜூரி, சட்டம் என்னன்னு சொல்றது ஜட்ஜ், அவ்ளோதான் பாகப்பிரிவினை.

ஜூரிங்கற சொல் லத்தீன்ல 'சத்தியம் பண்றது'ங்கற வினையிலேருந்து பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தது, அதாவது சத்தியம் பண்ணிட்டு உக்காந்தவங்க. தமிழ்ல நடுவர் குழுன்னு எழுதறோம், ஆனா அதைக் கேட்டா எனக்கு பட்டிமன்றம்தான் ஞாபகம் வருது, அதனால ஜூரின்னே எழுதறேன். இன்ஸ்ட்ரக்‌ஷன் கதை வேற. அதுவும் லத்தீன்தான், ஸ்ட்ரக்சர், கன்ஸ்ட்ரக்‌ஷன் எல்லாம் வந்த அதே வேர், அடுக்கு, கட்டு, ஆயத்தப்படுத்துன்னு பொருள். சட்டம் படிக்காத 12 பேரை ஒரு முடிவெடுக்க ஆயத்தப்படுத்தறதுன்னு வெச்சுக்கலாம்.

நம்மகிட்ட இதுக்கு அச்சு அசலா ஒரு சொல் இருக்கு, அறிவுறுத்தல். உறுன்னா சேர், அடை. உறுத்துன்னா சேரவை. அறிவைக் கொண்டுபோய் சேர்க்கறது. (கண்ணுல தூசி உறுத்துதுன்னு சொல்றோமே, அதுவும் இந்த உறுத்துதான்.) புறநானூற்றுல செவியறிவுறூஉன்னே ஒரு துறை (பாட்டு வகை) உண்டு, பாண்டியன் அறிவுடைநம்பிக்கு பிசிராந்தையார் வரி வாங்கற முறையைச் சொல்ற பாட்டு அந்தத் துறைதான், யானை வயலுக்குள்ள புகுந்தா தின்னறதை விட மிதிக்கறதுதான் அதிகம்னு. என்ன, ராஜா கேக்காமப் போயிருக்கலாம், ஜூரிக்கு அந்த வசதி இல்ல.

சரி, தற்காப்பு கேஸ்ல என்ன அறிவுறுத்துவாங்க? தன் + காப்பு, அதான் தற்காப்பு. குறள்லயே 'தற்காத்து'னு வருது, புதுசா செஞ்ச சொல் இல்ல. கொலை கேஸ்ல கலிபோர்னியா வாசகம் மூணு விஷயம் கேக்குது. உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்து தலைக்கு மேல வந்து நிக்குதுன்னு அந்த ஆள் நியாயமா நம்பினாரா, உடனே உயிரை வாங்கற அளவு பலத்தைக் காட்டினாத்தான் தப்பிக்க முடியும்னு நியாயமா நம்பினாரா, தேவைக்கு மேல பலம் காட்டாம இருந்தாரா. நிஜமாவே நம்பினார், ஆனா அந்த நம்பிக்கை நியாயமில்லைன்னா முழு விடுதலை கிடையாது, கொலைங்கறது ஒரு படி இறங்கும்.

இங்கதான் மொழிபெயர்ப்பு சறுக்குது. 'நியாயமான நம்பிக்கை'ன்னு எழுதினா தமிழ்ல சாமி மேல வெக்கற நம்பிக்கை, கடன் குடுத்தவன் நம்பிக்கை எல்லாம் சேந்து வந்துடும். நம்ம பழைய இந்திய தண்டனைச் சட்டம் 96லேருந்து 106 வரைக்கும் தற்காப்பைப் பேசுது (இப்ப பாரதிய நியாய சன்ஹிதாவுல 34 முதல் 44), அதுல இருக்கற 'அப்ரிஹென்ஷன்'ங்கற இங்கிலீஷ் சொல்லுக்கு அர்த்தமே நம்பிக்கை இல்ல, அச்சம். நியாயமான அச்சம்னு சொல்லிப் பாருங்க, டக்குனு புரியுது. அமெரிக்க கேஸுக்கும் நான் இதையேதான் எழுதுவேன்.

அந்த 'நியாயமான'ங்கற சொல்லுக்காகவே ஒரு கேஸ் நியூயார்க்ல மேல வரைக்கும் போச்சு. 1984 டிசம்பர்ல பெர்னார்ட் கோட்ஸ்னு ஒருத்தர் சப்வே ரயில்ல அஞ்சு டாலர் கேட்ட நாலு இளைஞர்களை சுட்டார். குற்றம் சாட்டலாமா வேண்டாமான்னு பாக்கற கிராண்ட் ஜூரியில ஒருத்தர் அந்த சொல்லுக்கு விளக்கம் கேக்க, அரசு வக்கீல் 'அந்த சூழ்நிலையில ஒரு நியாயமான மனுஷன் செய்யறதையா இவர் செஞ்சார்னு பாருங்க'ன்னுட்டார். கீழ்க்கோர்ட் அது தப்பு, அவருக்கு நியாயமா பட்டுச்சாங்கறதுதான் கேள்வின்னு முக்கிய குற்றச்சாட்டுகளைத் தள்ளிடுச்சு. 1986ல மாநில உச்சநிலை கோர்ட் அதை மாத்தி, அவர் மனசுல பட்டது மட்டும் போதாது, வெளியிலேருந்து பாத்தாலும் நியாயமா இருக்கணும்னு சொல்லி குற்றச்சாட்டுகளைத் திரும்பக் கொண்டுவந்துச்சு. கடைசியில 1987ல ஜூரி கொலை முயற்சியிலேருந்து விடுவிச்சு, லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு மட்டும் குற்றவாளின்னுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இவோன் வான்ரோ கேஸ். 1972, வாஷிங்டன் மாநிலத்துல ஸ்போக்கேன். அஞ்சடி நாலங்குலப் பொண்ணு, கால்ல மாவுக்கட்டு, கையில ஊன்றுகோல், எதிர்ல குடிபோதையில ஆறடி ரெண்டங்குல ஆள், அந்த ஆளை இந்தப் பொண்ணு சுட்டுட்டாங்க. ஜூரிக்குப் படிச்ச அறிவுறுத்தல்ல முழுக்க 'அவன்', 'அவனுக்கு'தான், வெறுங்கையோட வர்றவனை ஆயுதத்தால எதிர்க்க அவனுக்கு உரிமை இல்லைங்கற மாதிரி. 1977ல மாநில சுப்ரீம் கோர்ட், மறுவிசாரணைக்கு சொன்ன காரணங்கள்ல இதையும் சேத்துக்கிச்சு, ஒரு பொண்ணோட நிலைமையை ரெண்டு ஆம்பளைங்க சண்டை மாதிரி அளக்க வெச்சிருக்கீங்கன்னு. ஒரு பிரதிப்பெயர்ச்சொல்! தமிழ்ல 'தாக்கப்பட்டவர்'னு போட்டா இந்தப் பிரச்சனையே வராது, அந்த ர் விகுதிக்கு ஒரு கும்பிடு.

தப்பா அறிவுறுத்தினா கேஸ் கவுந்துடும்ங்கறது நம்ம ஊர்லயும் நடந்ததுதான். 1959ல பம்பாய்ல கடற்படை அதிகாரி நானாவதி, மனைவியோட காதலனை சுட்டுக் கொன்ன கேஸ்ல 8-1னு ஜூரி விடுவிச்சுது, செஷன்ஸ் ஜட்ஜ் ஒத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்பினார், ஹைகோர்ட்டோ அந்த ஜட்ஜே ஜூரிக்கு சட்டத்தை சரியா சொல்லலைன்னுடுச்சு. கைகலப்புல குண்டு தற்செயலா வெடிச்சுதுன்னு வாதம், ஆனா அப்படி விதிவிலக்கு கேக்கறவர்தான் அதைக் காட்டணும்ங்கறதை ஜூரிக்கு சொல்லலையாம். இந்தியாவுல தற்காப்புக்கும் அதே கணக்குதான், கலிபோர்னியாவுல தலைகீழ், தற்காப்பு இல்லைன்னு சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்க வேண்டியது அரசு தரப்பு. 1961ல சுப்ரீம் கோர்ட் ஆயுள் தண்டனையை உறுதி பண்ணுச்சு. இப்படி ஜட்ஜ் கோட்டை விடறதுக்கு கோர்ட் பாஷையில 'மிஸ்டைரக்‌ஷன்'னு தனி சொல் உண்டு, தமிழ்ல பிழை அறிவுறுத்தல்னு வெச்சுக்கலாம். பிழை அறிவுரைன்னு மட்டும் எழுதிடாதீங்க.