ஜாமீன்: பொருளும் வேரும் தமிழ்ச் சொல்லும்

‘ஜாமீன் கிடைத்துவிட்டது’ என்று செய்தி வந்தால், ஆள் குற்றமற்றவர் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஜாமீன் தீர்ப்பு அல்ல. வழக்கு முடியும்வரை, கூப்பிட்டபோது வந்து நிற்பார் என்ற உறுதியின் பேரில் ஒருவரைச் சிறைக்கு வெளியே வைப்பது, அவ்வளவுதான். அந்த உறுதி பணமாக இருக்கலாம், சொத்துப் பத்திரமாக இருக்கலாம், கையெழுத்துப் போடும் இன்னொரு மனிதராகவும் இருக்கலாம்.

பிரேசில் கால்பந்து வீரர் ரொனால்டினோவின் வழக்கைப் பாருங்கள். 2002இல் பிரேசிலுக்காக உலகக் கோப்பை வென்றவர், 2005இல் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரருக்கான பாலோன் தோர் விருது பெற்றவர். 2020 மார்ச் 4ஆம் தேதி அண்ணன் அசிஸுடன் பராகுவே போய் இறங்கினார். இருவரிடமும் இருந்தவை, அவர்களைப் பராகுவே குடிமக்கள் என்று காட்டிய போலி பாஸ்போர்ட்டுகள். இத்தனைக்கும் பிரேசில்காரர்கள் அந்த நாட்டுக்குள் போக அடையாள அட்டையே போதும்! மார்ச் 6 அன்று கைது. நாற்பதாவது பிறந்தநாள் தலைநகர் அசுன்சியோன் சிறையில் கழிந்தது. அங்கே கைதிகள் நடத்திய ஃபுட்சால் (சிறிய களத்தில் ஆடும் கால்பந்து) போட்டியில் அவர் அணி 11-2 என்று ஜெயித்தது. ஐந்து கோல் அவருடையவை, பரிசு 16 கிலோ பன்றி.

32 நாள் கழித்து, ஏப்ரல் 7 அன்று, இருவருக்கும் சேர்த்து 16 லட்சம் டாலர் கட்டச் சொல்லி நீதிபதி ஜாமீன் கொடுத்தார். ஆனால் ஊருக்குப் போக முடியவில்லை. அதே நகரத்து ஓட்டல் ஒன்றில் வீட்டுக்காவல். ஆகஸ்ட் 24 வரை அப்படியே இருந்து, வழக்கை முடித்துக்கொள்ள அவர் 90,000 டாலரும் அண்ணன் 1,10,000 டாலரும் கட்டிய பிறகே நாடு திரும்பினார்கள். அவ்வளவு பெரிய தொகை வாங்கித் தந்தது சிறை அறைக்குப் பதில் ஓட்டல் அறை மட்டும்தான்.

சரி, சொல்லுக்கு வருவோம். அரபியில் ‘ளாமின்’ என்றால் பொறுப்பேற்பவர், உத்தரவாதம் கொடுப்பவர். பாரசீகமும் உருதும் அதை ‘ஸாமின்’ என்று உச்சரித்தன. கச்சேரி (அரசு அலுவலகம் என்ற பொருளில்), வக்கீல் போன்ற சொற்களோடு நம்மிடம் வந்தபோது ஜாமீன் ஆனது. மூலத்தில் ஆளைக் குறித்த சொல், தமிழில் ஏற்பாட்டுக்கே பெயராகிவிட்டது. அதனால்தான் ஆளைச் சொல்ல ‘ஜாமீன்தாரர்’ என்று வால் சேர்க்க வேண்டியிருக்கிறது. நிலத்தைக் குறிக்கும் ‘ஜமீன்’ வேறு சொல், அது பாரசீகம்.

தமிழ்ச் சொல் பிணை. பிணைத்தல் என்றால் கட்டுதல், இணைத்தல். பிணைப்பு, பிணையல், பிணைக்கைதி எல்லாம் அதே வேர். பெண்மானுக்கும் சங்க இலக்கியத்தில் பிணை என்று பெயர் உண்டு. அது தனிப் பொருள். ஸ்பானிஷ் மொழியில் இதே ஏற்பாட்டுக்குப் பெயர் ‘ஃபியான்சா’, நம்பிக்கை என்ற வேரிலிருந்து வந்தது. எனக்குத் தமிழ்ச் சொல்தான் இன்னும் துல்லியமாகப் படுகிறது. வெளியே விட்டாலும் கட்டு அவிழவில்லை என்பதைப் பிணை என்ற சொல்லே சொல்லிவிடுகிறது.

இலங்கைச் செய்தித்தாள்களில் பிணை அன்றாடச் சொல். தமிழ்நாட்டிலும் அது புழக்கத்தில் இல்லாமல் போகவில்லை: ‘பிணையில் வெளிவர முடியாத பிடியாணை’ என்று எழுதத்தானே செய்கிறோம்? முன்ஜாமீனுக்கு முன்பிணை, ஜாமீன்தாரருக்குப் பிணையாளர், ஜாமீன் தொகைக்குப் பிணைத்தொகை. ‘ஜாமீனில் விடுதலை’ என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். ‘பிணையில் வெளியே வந்தார்’ என்று எழுதினால் போதும்.