புலமைச் சுதந்திரம்: ‘கல்விச் சுதந்திரம்’ ஏன் பொருந்தாது?

‘அறிவியலில் பெண்களும் கல்விச் சுதந்திரமும்’ என்ற தலைப்பைப் பார்க்கும் தமிழ் வாசகர் என்ன நினைப்பார்? பெண்கள் விரும்பிய படிப்பைத் தடையின்றிப் படிப்பது பற்றிய கட்டுரை என்றுதான் நினைப்பார். உள்ளே விஷயம் வேறாக இருக்கும். அறிவியல் துறைகளில் பெண்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பலரும் வெறுக்கும் ஒரு விடையை ஒரு பேராசிரியர் முன்வைக்கலாமா, முன்வைத்தால் அவருடைய பதவி போகலாமா என்ற சர்ச்சை அது. ஓர் அறிஞர் தன் துறையில் ஆராய்ந்து கண்டதைப் பதவிக்கு அஞ்சாமல் சொல்லும் சுதந்திரத்தை ஆங்கிலத்தில் ‘அகாடமிக் ஃபிரீடம்’ (academic freedom) என்கிறார்கள். அது வரும் இடத்தில் எல்லாம் யோசிக்காமல் ‘கல்விச் சுதந்திரம்’ என்று எழுதிவிடும் பழக்கம்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம். மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் அது வேர்விட்டுவிட்டது. பிடுங்க வேண்டும்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. ‘அகாடமி’ என்பது ஏதென்ஸ் நகருக்கு வெளியே, அகாடெமோஸ் என்ற புராண வீரனின் பெயர் தாங்கிய தோப்பிலிருந்து வந்தது. பிளேட்டோ அங்கேதான் மாணவர்களோடு உரையாடினார். சுதந்திரம் என்ற மறுபாதிக்கு வடிவம் கொடுத்தது ஜெர்மனி. 1810-இல் தொடங்கிய பெர்லின் பல்கலைக்கழகத்தை ஒட்டி வளர்ந்த மரபில் இரண்டு சொற்கள் உண்டு. ஆசிரியர் கற்பிக்கும் சுதந்திரம் ‘லேர்ஃபிரைஹைட்’. மாணவர் கற்கும் சுதந்திரம் ‘லெர்ன்ஃபிரைஹைட்’. அங்கே படித்துத் திரும்பியவர்கள் வழியாக இது அமெரிக்காவுக்குப் போனது. 1915-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சங்கம் வெளியிட்ட கொள்கை அறிக்கை, தான் பேசுவது ஆசிரியரின் சுதந்திரத்தைப் பற்றி மட்டுமே என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, அதை மூன்றாக வகுத்தது: ஆராய்வது, கற்பிப்பது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே பேசுவது.

ஆக, இன்று வழங்கும் பொருளில் இது கற்றவரின் சுதந்திரம். கற்க வருபவரின் சுதந்திரம் அன்று. தமிழில் ‘கல்வி’ யாருடைய பக்கம் நிற்கிறது? ‘கல்’ என்ற வேரிலிருந்து வந்த சொல் அது. கல்விக்கடன், கல்விக்கட்டணம், கல்வியுரிமை எல்லாமே மாணவரைச் சுற்றி வருபவை. அந்த வரிசையில் ‘கல்விச் சுதந்திரம்’ சேர்ந்தால் காது தானாகவே மாணவரை நினைக்கும். இலங்கையில் வழங்கும் ‘கல்விசார் சுதந்திரம்’ பாதிக் கிணறு தாண்டியிருக்கிறது; அங்கே ‘கல்விசார் ஊழியர்’ என்று பல்கலைக்கழக ஆசிரியர்களைக் குறிக்கும் வழக்கு இருப்பதால் கொஞ்சம் புரியும். ஆனாலும் ‘சார்’ என்பது எதனோடு என்ன உறவு என்று சொல்லாமல் நழுவும் ஒட்டு.

இதைவிடப் பெரிய தவறு ‘கருத்துச் சுதந்திரம்’. புரிகிற சொல் என்பதால் செய்திகளில் இதையே போட்டுவிடுகிறார்கள். புரிகிறதுதான், ஆனால் வேறொன்றாகப் புரிகிறது. கருத்துச் சுதந்திரம் எல்லாருக்கும் உரியது; அதற்குச் சான்று காட்ட வேண்டியதில்லை. பூமி தட்டை என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். புவியியல் பேராசிரியர் வகுப்பில் அதையே பாடமாக நடத்திவிட்டு அகாடமிக் ஃபிரீடம் என்று வாதிட முடியாது. தன் துறையின் முறைகளுக்கும் சக அறிஞர்களின் மதிப்பீட்டுக்கும் உட்பட்டவருக்கே அது கிடைக்கிறது. இந்த வகையில் அது குறுகியது. இன்னொரு வகையில் அகன்றது: அரசு மட்டும் அல்ல, சம்பளம் கொடுக்கும் நிறுவனமே அவருடைய முடிவுகள் பிடிக்கவில்லை என்று அவரை நீக்கக் கூடாது என்கிறது. வேறு எந்த வேலையிலும் இந்தக் காப்பு எளிதில் கிடைப்பதில்லை. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்தால் சர்ச்சையின் மையமே மறைந்துபோகும்.

2005 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ், அறிவியலின் உயர்பதவிகளில் பெண்கள் குறைவாக இருப்பதற்கு மூன்று காரணங்களை ஒரு கருத்தரங்கில் முன்வைத்தார். முழுநேரத்தையும் விழுங்கும் வேலைகளை ஏற்க ஆண்களைவிடக் குறைவான பெண்களே முன்வருவது ஒன்று. மிக உயர்ந்த திறன் உள்ளவர்களின் விகிதத்தில் இருபாலருக்கும் இடையே உள்ள வேறுபாடு மற்றொன்று. வளர்ப்பும் பாகுபாடும் மூன்றாவது. அதற்கு அவர் கடைசி இடமே கொடுத்தார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் (எம்ஐடி) உயிரியலாளர் நான்சி ஹாப்கின்ஸ் பாதியில் எழுந்து வெளியேறினார். மார்ச் மாதம் ஹார்வர்டின் கலை, அறிவியல் புல ஆசிரியர்கள் சம்மர்ஸ்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேற்றினார்கள். வேறு மனக்கசப்புகளும் சேர, 2006-இல் பதவி விலகினார்.

இதைக் ‘கருத்துச் சுதந்திரப் பிரச்சினை’ என்று எழுதினால் உண்மையான கேள்வியை எழுப்பவே முடியாது. இந்தச் சுதந்திரம் உருவானதே அறிஞரைப் பல்கலைக்கழக நிர்வாகத்திடமிருந்து காப்பதற்கு. நியமனங்களில் இறுதிச் சொல் சொல்லும் தலைவரே அந்தக் கேடயத்தைத் தனக்கும் கேட்கலாமா? அவர் அங்கே பேசியது பொருளியலாளராகவா, தலைவராகவா? கேள்வியை எழுப்ப அவருக்கு உரிமை உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு துறைப் பேராசிரியருக்கு உள்ள அதே காப்பு தலைவர் நாற்காலிக்கும் உண்டு என்று ஏற்க மாட்டேன்.

2018 செப்டம்பரில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வகத்தில் இயற்பியலாளர் அலெஸ்ஸாண்ட்ரோ ஸ்ட்ரூமியா ஆற்றிய உரை இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. ஆய்வுக் கட்டுரைகளைப் பிறர் மேற்கோள் காட்டிய எண்ணிக்கைகளைக் காட்டி, இயற்பியலில் பாகுபாட்டுக்கு ஆளாவது ஆண்களே என்று அவர் வாதிட்டார். கூடவே தனிநபர்களையும் இழுத்தார். செர்ன் அவரை இடைநீக்கம் செய்தது. 2019-இல் அவருடைய விருந்தினர் தகுதியை நீட்டிக்கவில்லை. தரவை வைத்து ஒரு கருதுகோளை முன்வைப்பது ஒரு செயல், சக ஊழியரை மேடையில் தாக்குவது வேறு செயல். முன்னதற்கே இந்தச் சுதந்திரம் பொருந்தும். அவருடைய ஆய்வு பின்னர் 2021-இல் ஓர் ஆய்விதழில், மாற்றுக் கருத்துரைகளோடு வெளிவந்தது. அகாடமிக் ஃபிரீடம் வேலை செய்ய வேண்டிய விதம் அதுதான்: வெளியிடு, மறுப்பையும் வெளியிடு, படிப்பவர் எடைபோடட்டும்.

எனவே என் பரிந்துரை ‘புலமைச் சுதந்திரம்’. ‘புலம்’ என்றால் அறிவு; புலம் என்றால் வயலும்தான். பல்கலைக்கழகத் துறைத் தொகுதிக்குப் ‘புலம்’ என்றும் அதன் தலைவருக்குப் ‘புலத்தலைவர்’ என்றும் ஏற்கெனவே வழங்குகிறோம். வயலுக்கு வரப்பு உண்டு. புலமை என்பது ஒரு புலத்துக்குள் தேர்ந்த அறிவு என்பதால், சுதந்திரத்தின் எல்லையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே வந்துவிடுகிறது. ‘புலமை’ என்றால் செய்யுள் இயற்றும் புலவர்தானே நினைவுக்கு வருவார் என்கிறார்கள். இலங்கைத் தமிழர்கள் ‘புலமைப்பரிசில்’ (கல்வி உதவித்தொகை), ‘புலமைச்சொத்து’ (அறிவுசார் சொத்து) என்று அன்றாடம் எழுதுகிறார்கள். யாரும் வெண்பாவைத் தேடிப் போவதில்லை. மாணவரின் பங்குக்குக் ‘கற்கும் சுதந்திரம்’ இருக்கிறது. அங்கே ‘கல்’ தன் இடத்தில் நிற்கும்.

‘சுதந்திரம்’ வடசொல், ‘விடுதலை’ என்று மாற்ற வேண்டும் என்பவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. தனித்தமிழ் மீது எனக்கும் பற்று உண்டு. ஆனால் விடுதலை என்பது கட்டிலிருந்து வெளிவரும் நிகழ்வு. சிறையிலிருந்து விடுதலை என்கிறோம். இது நாள்தோறும் நிலவ வேண்டிய நிலை. ‘தன்னாட்சி’யும் ஆகாது, அது நிறுவனத்துக்கு உரியது, தன்னாட்சி பெற்ற நிறுவனமே தன் பேராசிரியரின் வாயை அடைக்கலாம்.

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் சொல்லியாக வேண்டும். ஆண், பெண் எண்ணிக்கை சமமாக இல்லாததைக் குறிக்கும் ‘ஜெண்டர் இம்பேலன்ஸ்’ என்பதைக் கூசாமல் ‘பாலினப் பாகுபாடு’ என்று எழுதுகிறார்கள். 1901 முதல் 2023 வரை இயற்பியல் நோபல் பெற்ற பெண்கள் 5 பேர் மட்டுமே. இது எண்ணிக்கை. பாகுபாடு என்பது அந்த எண்ணிக்கைக்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. அது பொய்க் காரணம் என்று நான் சொல்லவில்லை. நான்சி ஹாப்கின்ஸ் அளவுநாடாவோடு போய் ஆய்வக அறைகளை அளந்து, பெண் பேராசிரியர்களுக்கு இடம் குறைவாக ஒதுக்கப்பட்டிருப்பதைக் காட்டினார்; பெண் பேராசிரியர்களின் நிலை பற்றி 1999-இல் வெளியான எம்ஐடி அறிக்கைக்கு அந்த முயற்சியே தொடக்கம். அப்படி அளந்து நிறுவியதைப் பாகுபாடு என்று உரக்கச் சொல்லலாம், சொல்ல வேண்டும். எல்லா எண்ணிக்கை வேறுபாட்டுக்கும் அதே சொல்லைச் செலவழித்தால், நிறுவிய அநீதியைச் சொல்லத் தனிச்சொல் மிஞ்சாது. சம்மர்ஸின் மூன்றாவது காரணத்தை இவர்கள் வழியில் தமிழாக்கினால் ‘பாகுபாட்டுக்குக் காரணம் பாகுபாடு’ என்று வரும். ‘பாலினச் சமநிலையின்மை’ என்ற சொல் நம்மிடம் இருக்கும்போது இப்படி எழுத வேண்டிய தேவை என்ன?