தேர்வு முடிந்த மறுநாள் ஏன் தலை பிளக்கிறது?

நவம்பர் வந்தால் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல்கலைக்கழகத் தேர்வுகள். வெஸ்ட்வில் வளாகத்தில் படிக்கும் பிள்ளைகள் உள்ள சாட்ஸ்வர்த் வீடுகளில், "படிக்கிற வரைக்கும் ஒண்ணும் இல்ல, எல்லாம் முடிஞ்ச அப்புறம்தான் தலை பிளக்குது" என்ற புலம்பல் கேட்கும். பெரியவர்கள் லேசில் நம்புவதில்லை. நம்பலாம், மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு அது உண்மைதான்.

2014-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் தங்கள் மன அழுத்தத்தை நாள்தோறும் குறித்துவந்தார்கள். முந்தைய நாளைவிட அழுத்தம் தணிந்தபின் வரும் முதல் 6 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்காக இருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் மாணவர்கள் சொல்வதோடு அப்படியே பொருந்துகிறது. அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் சட்டென்று குறைவது காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தூக்கம், பசி, மன அழுத்தம் மூன்றையும் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி, வலி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே வழக்கம் மாறி இயங்குவதை மூளை ஸ்கேன்கள் காட்டியிருக்கின்றன. கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, இனிப்பு மேல் ஆசை எல்லாம் அந்த நேரத்தில் வருபவை. 'சாக்லேட் தின்றேன், தலைவலி வந்தது' என்கிறோமே, பல சமயம் தலைவலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் சாக்லேட் கேட்டிருக்கும்!

அடுத்து, மூளையைச் சுற்றியுள்ள உறையில் பரவியிருக்கும், முகம், தலையின் வலியை மூளைக்குச் சொல்லும் ட்ரைஜெமினல் நரம்பின் முனைகள் சி.ஜி.ஆர்.பி. என்ற பொருளை வெளியிடுகின்றன. அங்குள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன, நரம்புகள் சிறு தூண்டலுக்கும் வலியை உணரத் தொடங்குகின்றன. படி ஏறினால் வலி, வெளிச்சம் பட்டால் வலி. மருந்து எடுக்காவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும்.

தேர்வு முடிந்ததும் மத்தியானம் வரை தூங்குகிறோம், காலைச் சாப்பாட்டை விடுகிறோம், ராத்திரி பகலாகக் குடித்த காப்பியையும் ஒரே நாளில் நிறுத்துகிறோம். ஹைப்போதலாமஸுக்கு இது மூன்று அடி. எழும் நேரத்தையும் சாப்பிடும் நேரத்தையும் இன்னும் சில நாள் மாற்றாமல் வைத்திருந்தாலே பலருக்கு உதவும்.

மாத்திரையில்தான் எனக்குப் பெரிய கவலை. தென்னாப்பிரிக்க மருந்துக்கடைகளில் கோடீன் என்ற, அபின் வகையைச் சேர்ந்த மருந்து கலந்த வலி மாத்திரை மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. மாதம் 10 நாளோ அதற்கு மேலோ, சில மாதம் தொடர்ந்து விழுங்கினால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அந்த எண்ணிக்கையை நெருங்குமுன் மருத்துவரைப் பாருங்கள். வலியை வராமல் தடுக்கும் மருந்துகள் தனியாக உண்டு. சி.ஜி.ஆர்.பி.யைத் தடுக்கும் ஊசிக்கு 2018-இல் அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது.