எஞ்சின் மவுண்ட்: தாங்கியா, ஏந்தியா?

ரேடியோவில் இயங்கும் மாதிரி விமானம் கட்டுகிறவர்கள் 'மவுண்ட்' என்ற சொல்லை இரண்டு விதமாகப் புழங்குகிறார்கள். "மவுண்ட்ல விரிசல் விட்டிருக்கு" என்றால் அது ஒரு பொருள். "எஞ்சினைத் தலைகீழா மவுண்ட் பண்ணு" என்றால் அது ஒரு செயல். செயலைத் தமிழில் சொல்வது எளிது. 'பொருத்து' என்றால் எல்லோருக்கும் புரியும். தகராறு பொருளுக்குப் பெயர் வைப்பதில்தான்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். மெத்தனாலில் ஓடும் சிறிய குளோ எஞ்சின்களின் கிராங்க்கேஸில் (சுழல்தண்டு இருக்கும் அடிக்கூடு) இரு பக்கமும் தட்டையாக இரண்டு காதுகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு காதிலும் இரண்டு துளைகள். விமான உடற்பகுதியின் முன்முனையில் ஃபயர்வால் எனப்படும் தடித்த பிளைவுட் பலகை இருக்கும். எஞ்சினுக்கும் இந்தப் பலகைக்கும் நடுவே நிற்பதுதான் மவுண்ட். பின்புறம் ஒரு தட்டு. அது நான்கு போல்ட்டுகளால் பலகையோடு இறுகியிருக்கும். அந்தத் தட்டிலிருந்து முன்னோக்கி இரண்டு கைகள் நீளும். கைகளுக்கு இடையே கிராங்க்கேஸ் இறங்கி, காதுகள் கைகளின்மேல் படியும். இன்று பெரும்பாலும் கண்ணாடியிழை கலந்த நைலானிலோ அலுமினியத்திலோ செய்கிறார்கள். முன்பு, குறிப்பாகக் கம்பிக் கட்டுப்பாட்டு விமானங்களில், உடற்பகுதியோடு சேர்த்து ஒட்டிய இரண்டு கடினமரச் சட்டங்களே இந்த வேலையைச் செய்தன.

ஆங்கில மவுண்டின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'மோன்ஸ்' என்றால் மலை. அதிலிருந்து மலையேறுதல், ஏறுதல் என்ற பொருளில் ஒரு வினை கிளைத்து, பழைய பிரெஞ்சில் 'மோந்தே' என்று ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. குதிரைமேல் ஏறுவதும் மவுண்ட், ஏறிய குதிரையும் மவுண்ட். பிறகு ஒரு பொருளை இன்னொன்றின்மேல் ஏற்றி நிலைநிறுத்துவதற்கும், அப்படி நிலைநிறுத்த உதவும் சட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பீரங்கிக்கும் படத்துக்கும் மோதிரக் கல்லுக்கும் மவுண்ட் உண்டு. 'எஞ்சின்' வந்த வழி வேறு. லத்தீனின் 'இங்கேனியம்', அதாவது இயல்பான அறிவுத்திறன், அதன் வேர். திறமையால் உண்டான கருவி என்ற பொருளில் கோட்டை முற்றுகைக் கருவிகளையும் அப்படி அழைத்தார்கள். தமிழின் 'பொறி'யும் கிட்டத்தட்ட இதே பாதையில் நடந்த சொல்தான். மதில்மேல் வைத்த போர்க்கருவிகளுக்கும் பொறி என்றே பெயர். குளோ எஞ்சினைப் பொறி என்பதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதில் தீப்பொறியே கிடையாது. குளோ பிளக் என்ற சிறு திருகுக்குள் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருள் ஒன்று கனன்றுகொண்டிருக்கும். மெத்தனால் ஆவி அதன்மேல் பட்டு வினைபுரிவதால் கனல் அணையாமல் நீடிக்கும். கிளப்பும்போது மட்டும் பேட்டரி வேண்டும், அதன்பின் வேண்டாம்.

இனி மவுண்டுக்கு வருவோம். எழுதுகிறவர்கள் முதலில் எடுப்பது 'தாங்கி'. சுமைதாங்கி, இடிதாங்கி என்று பழகிய அச்சு அது, கேட்டதும் புரியும். ஆனால் நான் அதை ஏற்கமாட்டேன், காரணம் நடைமுறைக் காரணம். பேரிங்குக்குத் தாங்கி என்ற பெயர் பாடநூல்களில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. நம் எஞ்சின்கள் பலவற்றுக்குள்ளேயே கிராங்க் தண்டைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னுமாக இரண்டு பேரிங்குகள் இருக்கும். "தாங்கியில் துரு ஏறியிருக்கிறது, மாற்று" என்று பராமரிப்புக் குறிப்பில் எழுதினால் படிக்கிறவன் எதைக் கழற்றுவான்? ஒரே இயந்திரத்தில் ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு உறுப்புகளுக்கு ஒரே பெயர் ஆகாது.

இன்னொரு குறையும் உண்டு. தாங்குவது என்றால் கீழே நின்று பாரம் சுமப்பது. பீடம், இருக்கை என்ற சொற்களும் இதே கோணத்தில் வந்தவை. மாதிரி விமானத்தில் எஞ்சினின் எடை மவுண்டுக்குப் பெரிய பாரமே அல்ல. புரொப்பெல்லர் எஞ்சினை முன்னே இழுக்கிறது. அது சுழலும் திசைக்கு எதிராக எஞ்சின் முறுக்கிக்கொள்ளப் பார்க்கிறது. நிமிடத்துக்கு 12,000 சுற்று ஓடும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் நொடிக்கு 200 முறை எரிபொருள் வெடிக்கிறது. ஒவ்வொன்றும் ஓர் உதை. தரையிறங்கும்போது மூக்கு குத்தினால் வரும் அடி தனி. இழுப்பு, முறுக்கு, அதிர்வு மூன்றையும் எல்லாத் திசையிலும் பிடித்து நிறுத்துவதே அந்த இரண்டு கைகளின் வேலை.

கைகள் என்று சொல்லும்போதே சரியான சொல் நாக்கில் வந்துவிடுகிறது: ஏந்தி. ஏந்துவது என்றால் கைகளை முன்னே நீட்டி, ஒன்றை அவற்றில் வாங்கிப் பிடித்திருப்பது. நைலான் மவுண்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், அந்த வடிவமேதான். அதைவிட எனக்குப் பிடித்தது இந்தச் சொல்லின் இன்னொரு பொருள். பழந்தமிழில் ஏந்துதல் என்றால் உயர்ந்து நிற்றலும் ஆகும். மேல்நோக்கி உயர்ந்த தந்தங்களை உடைய யானை 'ஏந்துகோட்டு யானை'. ஏந்தல் என்றால் உயர்ச்சி. உயர்ந்தவனான தலைவனும் ஏந்தல். மலையிலிருந்து மவுண்ட் பிறந்தது போலவே, உயரமும் பிடித்திருத்தலும் ஒரே சொல்லுக்குள் இங்கேயும் இருக்கின்றன. இரண்டு மொழிகளுக்கும் உறவு கற்பிக்கவில்லை. பொருத்தம் தற்செயலானது, ஆனால் வசதியானது.

ஆக, எஞ்சின் மவுண்ட் என்பது பொறியேந்தி. பேச்சில் 'எஞ்சின் ஏந்தி' என்றாலும் தவறில்லை. 'ஏந்தி' வினையெச்சமாகவும் நிற்கும், 'விளக்கேந்தி வந்தாள்' என்பதுபோல. குழப்பம் வராதா என்று கேட்கலாம். தாங்கிக்கும் அதே கதைதான். யாரும் குழம்பவில்லை.

ஏற்றி, பொருத்தி, பிடிப்பான் என்றெல்லாமும் பரிந்துரைகள் உண்டு. ஏற்றி என்றால் பாரம் தூக்கும் கருவி நினைவுக்கு வரும். மற்ற இரண்டும் எதற்கும் பொருந்துவதால் எதையும் குறிப்பதில்லை.

சொல் வேலை செய்கிறதா என்பதை ஒரு வேலையை அதில் எழுதித்தான் பார்க்கவேண்டும். எஞ்சினைப் பொருத்தும் முறை இது: எஞ்சினை ஏந்தியின் கைகளில் வைத்து, புரொப்பெல்லர் தட்டு மூக்கு மூடிக்குத் தடையாகாத தூரத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். காதின் ஒரு துளை வழியாகக் கூர்முனையால் கையின்மேல் குறியிடுங்கள். நான்கையும் ஒரே மூச்சில் துளைக்கக்கூடாது. முதல் துளையைப் போட்டு, போல்ட்டை இட்டு, எஞ்சின் நேராக நிற்கிறதா என்று சரிபார்த்த பிறகு எதிர்மூலைத் துளையைக் குறியுங்கள். மற்ற இரண்டும் அதன்பின். அலுமினிய ஏந்தியில் மரை வெட்டுவதானால் எம்-3 போல்ட்டுக்கு 2.5 மி.மீ. துளை, எம்-4க்கு 3.3 மி.மீ. துளை. ட்ரில் சாய்ந்தால் போல்ட்டின் தலை காதின்மேல் ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும். அங்கேதான் பிற்காலத்தில் தளர்வு ஆரம்பிக்கும்.

இரண்டு கைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். மட்டம் பிசகினால், போல்ட்டை இறுக்க இறுக்க ஏந்தி வளையாது, கிராங்க்கேஸ்தான் வளையும். சோதிப்பது சுலபம். குளோ பிளக்கைக் கழற்றிவிட்டு, போல்ட்டுகள் தளர்வாக இருக்கும்போது புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். பிறகு இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். இரண்டாவது முறை கனமாகச் சுற்றினால் ஏந்தியின் மேற்பரப்பை அரம்போட்டுச் சமன் செய்யவேண்டும். அப்படியே ஓட்டினால் எஞ்சின் சூடேறித் தேயும்.

ஏந்தியின் பின்தட்டுக்கும் பலகைக்கும் நடுவில் சில சமயம் வாஷர்கள் தெரியும். அது அசட்டையான வேலை அல்ல, வேண்டுமென்றே செய்தது. விமானியின் பார்வையில் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றுவதால், எஞ்சின் முழுவேகம் எடுக்கும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும். அதை ஈடுகட்ட எஞ்சினை 2 அல்லது 3 பாகை வலப்பக்கமாகத் திருப்பி வைப்பார்கள். இதற்கு இடப்பக்க போல்ட்டுகளில் வாஷர் செருகவேண்டும். போல்ட்டுகளுக்கு இடையே 40 மி.மீ. இருந்தால் 1 மி.மீ. வாஷர் ஏறத்தாழ ஒன்றரைப் பாகை தரும். இப்படித் திருப்பினால் தண்டின் முனை நடுவிலிருந்து வலப்பக்கம் விலகும். எனவே ஏந்தியைப் பலகையில் சற்று இடப்பக்கம் தள்ளிப் பொருத்துவது வழக்கம். மூக்கைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ப்பதும் உண்டு.

நிலைகளுக்குப் பெயர் தேட வேண்டியதில்லை. சிலிண்டர் மேலே பார்த்தால் நிமிர்நிலை, பக்கத்தில் பார்த்தால் கிடைநிலை, கீழே பார்த்தால் தலைகீழ்நிலை. தலைகீழ்நிலை பார்ப்பதற்கு அழகு, பழகுவதற்குச் சிரமம். மிஞ்சிய எரிபொருள் குளோ பிளக்கை நோக்கி வடிந்து அதை நனைத்து அணைத்துவிடும். சிலிண்டருக்குள் திரவம் தேங்கியிருக்க மின் ஸ்டார்ட்டரை வைத்தால், திரவம் அமுங்காததால் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்த பிறகே ஸ்டார்ட்டரைத் தொடவேண்டும். எஞ்சினைக் கவிழ்த்தால் கார்புரேட்டரும் கீழே இறங்கும் என்பதால் எரிபொருள் தொட்டியையும் இறக்கியாகவேண்டும். தொட்டியின் நடுக்கோடு, எரிபொருளின் அளவைத் திருத்தும் ஊசி வால்வின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருப்பது சரி.

பராமரிப்பில் ஏந்தியின் பங்கு சிறியது, ஆனால் தவறினால் விமானமே போய்விடும். நைலான் ஏந்தியில் விரிசல் பெரும்பாலும் கைகள் பின்தட்டோடு சேரும் மூலையில்தான் விழும். அங்கே எண்ணெய் படிந்திருப்பதால் சும்மா பார்த்தால் தெரியாது. துடைத்துவிட்டு, புரொப்பெல்லர் தண்டைப் பிடித்து மெல்ல ஆட்டினால் விரிசல் திறந்து காட்டிக்கொடுக்கும். ஃபயர்வாலின் பின்பக்கம் பற்களுள்ள டீ-நட்டுகள் மரத்தில் பதிந்திருக்கும். எரிபொருள் ஊறி மரம் மென்மையானால் அவை உள்ளேயே சுழல ஆரம்பிக்கும். துளையின் உட்புறம் உள்படப் பலகை முழுவதும் எப்பாக்சி பூசுவது அதற்காகத்தான். போல்ட்டுகள் அடிக்கடி தளர்ந்தால் ஏந்தியைக் குறை சொல்வதற்கு முன் புரொப்பெல்லரின் சமநிலையைப் பாருங்கள். ஒரு இதழ் கனமாக இருந்தால் அந்த அதிர்வு முழுவதும் போல்ட்டுகளுக்கே போகும். தொட்டியிலும் நுரை கிளம்பி, எரிபொருளோடு காற்றுக் குமிழிகள் போய், எஞ்சின் பட்டினி கிடந்து நின்றுவிடும்.

தாங்கிகளின் பராமரிப்பு வேறு (பேரிங்கைத்தான் சொல்கிறேன், பெயர்கள் பிரிந்ததால் இப்போது தயங்காமல் எழுதலாம்). மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். பறத்தல் முடிந்ததும் தொட்டிக் குழாயைப் பிடுங்கி, எஞ்சினுக்குள் மிஞ்சிய எரிபொருள் தீரும்வரை ஓடவிட்டு, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் சில சொட்டு எண்ணெய் விட்டுக் கையால் சுற்றி வைக்கவேண்டும். இதைச் செய்யாத எஞ்சினில் தாங்கிகளின் எஃகு உருண்டைகள் துருப்பிடித்து, அடுத்த முறை அரவைச் சத்தத்தோடு ஓடும்.

கிளைச்சொற்களும் இதிலிருந்து இயல்பாக வருகின்றன. ரப்பர் இடைவைத்து அதிர்வைக் குறைக்கும் வகை மென்னேந்தி. மின்விமானத்தில் இருப்பது மோட்டார் ஏந்தி. அங்கே கைகள் இல்லை, மோட்டாரின் முதுகில் திருகும் நான்கு கால்களுள்ள தகடுதான், ஆனாலும் மோட்டாரைப் பலகைக்கு முன்னால் நீட்டிப் பிடித்திருப்பதால் சொல் பொய்க்கவில்லை. பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றில் பின்புறத்தையே நீள உருளைக் கால்கள் வைத்துப் பலகையோடு இறுக்குவார்கள். அவற்றை ஏந்தி என்பதைவிடக் கால்கள் என்பதே தெளிவு. விமானத்தின் அசையும் பரப்புகளை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் மவுண்டுக்கு இந்தச் சொல்லை இழுக்கவே வேண்டாம். அது உடற்பகுதிக்குள் ஒட்டிய ஒரு பலகைத் துண்டு. சர்வோத் தட்டு என்றே எழுதலாம்.