குறுஞ்செய்மதி: பந்திங் ஒட்டுக்கடையில் கிடைத்த சொல்

மலேசியாவின் பந்திங் பேருந்து நிலையத்துக்குப் பின்புறம் உள்ள ஒட்டுக்கடையில் ஒரு சனிக்கிழமைக் காலை. எங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்து, இப்போது கிள்ளான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் அலுவலகம் ஒன்றில் வேலை செய்யும் பையன் கைப்பேசியை என் பக்கம் திருப்பினான். நீலத் திரையில் அம்பு முனை மாதிரி ஒரு புள்ளி.

“டீச்சர், சென்னையிலேர்ந்து நம்ம சரக்கு வர்ற கப்பல். இன்னும் வங்காள விரிகுடா நடுவுலதான் இருக்கு. அவ்ளோ தூரம் எந்தக் கரை ஆண்டெனாவுக்கும் கேக்காது. நானோ சாட்டிலைட்தான் கேட்டுச் சொல்லுது” என்றான். தே தாரேக்கை (இழுத்து ஆற்றிய பால் தேநீரை) ஒரு வாய் குடித்துவிட்டு, “நானோ சாட்டிலைட்டுக்குத் தமிழ்ல என்ன டீச்சர்?” என்றும் கேட்டான்.

‘மீநுண் செயற்கைக்கோள்’ என்று சொல்லி முடித்திருக்கலாம். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் எனக்கு வாய் வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு.

நானோஸ் என்றால் கிரேக்க மொழியில் குள்ளன். 1960இல் உலக அளவைமுறையை வகுத்தவர்கள் அந்தச் சொல்லை எடுத்து, நூறு கோடியில் ஒரு பங்கைக் குறிக்கும் முன்னொட்டாக வைத்தார்கள். நானோமீட்டர், நானோநொடி எல்லாம் அந்தக் கணக்கில் வந்தவை. கண்ணுக்கு எட்டாத நுட்பம் என்பதால் அங்கே ‘மீநுண்’ பொருந்தும். செயற்கைக்கோளுக்கு முன்னால் வரும் நானோவுக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. 1 கிலோவிலிருந்து 10 கிலோ வரை எடையுள்ளவை என்பதற்கு வைத்த பெயர், அவ்வளவுதான். ஆக, இந்த இடத்தில் நானோ தன் பழைய கிரேக்கப் பொருளுக்கே, குள்ளனுக்கே, திரும்பிவிட்டது.

கப்பல், விமானம், வானிலை மூன்றையும் இப்படிப்பட்ட குட்டிச் செயற்கைக்கோள்களால் பின்தொடர்ந்த நிறுவனங்களில் பெயர்பெற்றது ஸ்பயர். 2012இல் தொடங்கியபோது அதன் பெயரே நானோசாட்டிஸ்ஃபை. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அவற்றைச் செய்கிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவற்றை விண்ணுக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரும்பாலானவை, 10 சென்டிமீட்டர்க் கனசதுரம் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய அளவு. அந்தக் கனசதுர அளவை 1999இல் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் இருவரும் மாணவர்கள் செய்து பழகுவதற்காக வகுத்தார்கள். நம் ஊரிலும் அது வந்து சேர்ந்தது: மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் பங்கெடுத்துச் செய்த யு.ஐ.டி.எம்.சாட்-1, ஒரே ஒரு கனசதுரம், 2018 ஆகஸ்டில் அனைத்துலக விண்வெளி நிலையத்திலிருந்து வெளியே விடப்பட்டது.

மூன்று கனசதுரம் கொண்டதைக் கையில் எடுத்தால் 5 கிலோ அரிசிப் பையின் கனம் இருக்கும். கைக்குழந்தையைப்போல் ஒரு கையில் அணைத்துக்கொள்ளலாம். அதைப் போய் ‘மீநுண்’ என்றால் கேட்கிற பிள்ளை நுண்ணோக்கியைத் தேடும்.

ஸ்பயர் தன் செயற்கைக்கோள்களுக்கு லெமூர் என்று பெயர் வைத்திருக்கிறது. ‘தாழ்வட்டப் பல்பயன் ஏற்பி’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள் அவை. மடகாஸ்கரில் வாழும் பெரிய கண் விலங்கின் பெயரும் அதுதான். நம்மவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் லெமூரியா நினைவுக்கு வரும். 1864இல் ஸ்கிலேட்டர் என்ற விலங்கியலாளர் அந்த விலங்கை வைத்துத்தான் கடலில் மூழ்கியதாகக் கருதிய நிலத்துக்கு அப்பெயரிட்டார்.

இனி அடுத்த பாதி. சாட்டிலைட் என்பது லத்தீனில் சட்டெல்லெஸ், பெரியவர் ஒருவரைச் சூழ்ந்து செல்லும் மெய்க்காப்பாளர். வியாழனைச் சுற்றும் நிலவுகளுக்கு 1611இல் வானியலாளர் கெப்ளர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். தமிழில் துணைக்கோள் என்றது பொருத்தம்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் செய்தி வாசிப்பவர்கள் ‘துணைக்கோளம்’ என்று சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான். தமிழ்நாட்டில் செயற்கைக்கோள், இலங்கையில் செய்மதி.

கோள் என்ற சொல் கொள் என்ற வினையடியில் பிறந்தது. பற்றிக்கொள்வது கோள். வடமொழியில் கிரகம் என்பதற்கும் பற்றுவது என்பதே அடிப்பொருள். பட்டினப்பாலை கோள்மீனையும் நாள்மீனையும் பிரித்தே பேசுகிறது. எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கோளறு பதிகம் பாடாத வெள்ளிக்கிழமை கிடையாது; எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் கோள் என்றால் என்னவென்று தெரியும். அவ்வளவு வேரூன்றிய சொல்லை விட்டு நான் விலகக் காரணம், அதன் சிறிய வடிவங்கள் எல்லாம் ஏற்கெனவே வேறொன்றுக்குப் போய்விட்டன. சிறுகோள் என்றால் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் பாறைகள். குறுங்கோள் என்றால் 2006க்குப் பிறகு புளூட்டோ. குட்டிச் செயற்கைக்கோளை ‘குறுங்கோள்’ என்று ஒரு செய்தியில் எழுதினால், புளூட்டோ கப்பலைப் பின்தொடர்கிறது என்றாகிவிடும்.

ஆகவே செய்மதி. மனிதர் செய்த நிலா. மதித்தல் என்ற வினைக்கு அளவிடுதல் என்ற பொருளும் இருப்பது கூடுதல் பேறு. ஆனால் வெறுமனே ‘குறுமதி’ என்று சுருக்கிவிடக் கூடாது. அது அற்ப புத்தி என்றாகும். ‘செய்’ நடுவில் நிற்க வேண்டும். குறு என்பதோடு செய்மதி சேர்ந்தால் குறுஞ்செய்மதி.

எழுதிப் பார்த்ததும் பையன் சிரித்தான். “குறுஞ்செய்தியில ஒரு ‘ம’ சேத்த மாதிரி இருக்கு டீச்சர்.”

அவன் சொன்னது எனக்குப் பெரிய திறப்பு. ஏனென்றால் அந்தச் செய்மதி செய்கிற வேலையே குறுஞ்செய்தியைப் பெறுவதுதான். அனைத்துலகப் பயணம் போகும், மொத்தக் கொள்ளளவு 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்கள் எல்லாம் தானியங்கி அடையாளக் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது 2004 முடிவுக்குள் நடைமுறைக்கு வந்த கடல் விதி. ஓடும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒருமுறை, நங்கூரம் போட்டிருந்தால் 3 நிமிடத்துக்கு ஒருமுறை, அந்தக் கருவி தன் எண், இருக்கும் இடம், வேகம், திசை எல்லாவற்றையும் வானலையில் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்த ஒன்பது இலக்க எண் 533 என்று தொடங்கினால் மலேசியக் கப்பல். இவ்வளவும் அடங்கிய ஒரு செய்தியின் நீளம் 168 பிட். ‘குறுஞ்செய்மதி’ என்ற இந்த ஒரு சொல்லை மட்டும் கைப்பேசியில் குறுஞ்செய்தியாக அனுப்பினால் 208 பிட் ஆகும். ஒரு தமிழ்ச் சொல்லைவிடச் சிறிய இடத்தில் ஒரு கப்பலின் இருப்பு முழுவதும் அடங்கிவிடுகிறது.

இங்கே இன்னொரு சொல்லையும் திருத்த வேண்டியிருக்கிறது. இந்தச் செய்மதிகள் ‘கப்பல்களைக் கண்காணிக்கின்றன’ என்று எழுதுகிறோம். தோட்டத்தில் பிறந்த எவருக்கும் அந்தச் சொல்லின் உள்ளே யார் நிற்கிறார் என்று தெரியும். கண்காணிதான் கங்காணி. ஆங்கிலேயத் துரைகளும் அதையே தங்கள் மொழிக்கு எடுத்துக்கொண்டார்கள். என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய (பட்டையைக் கீறிப் பால் எடுத்த) காலத்தில் விடியற்காலைப் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் பிறகு நிரைக்குள்ளே நடந்து வந்து, பட்டை ஆழமாகக் காயப்பட்டிருக்கிறதா, மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) பால் வழிந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்தவர் அவர். அம்மா பேசினாலும் பேசாவிட்டாலும் அவர் கண்ணில் படாமல் ஒரு மரமும் தப்பாது.

குறுஞ்செய்மதி அப்படிப்பட்டதல்ல. கப்பலை அது பார்ப்பதே இல்லை. கப்பல் தானாகச் சொல்வதைக் கேட்கிறது. கருவியை அணைத்துவிட்டால் கப்பல் அதற்கு இல்லாததுபோல் ஆகிவிடும். விமானமும் அப்படியே. விமானங்கள் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தம் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டே பறக்கின்றன. 2014 மார்ச் 8 அன்று எங்களுக்குப் பக்கத்துச் சிப்பாங் விமான நிலையத்திலிருந்து 239 பேருடன் புறப்பட்டுக் காணாமற்போன எம்.எச்.370 விமானத்தின் குரல் தென்சீனக் கடலின் மேல் நின்றுபோனது. பந்திங்குக்கு மேலே தாழ்ந்து இறங்கும் ஒவ்வொரு விமானத்தையும் அதன் பிறகு நாங்கள் அண்ணாந்து பார்க்கும் விதமே மாறிவிட்டது. நடுக்கடலில் பறக்கும் விமானத்தின் குரலையும் விண்ணிலிருந்து கேட்க வேண்டும் என்ற முனைப்பு அந்த இழப்புக்குப் பிறகு வலுத்தது. ஆனால் கேட்க ஆள் இருந்தாலும் பேச குரல் இருக்க வேண்டும். அதனால் இந்த வேலைக்குக் கண்காணிப்பு என்று எழுதாமல் ‘தடமறிதல்’ என்று எழுதுங்கள் என்பது என் வேண்டுகோள். கண்காணி என்றால் எதுவும் தப்பாது என்ற பொய்யான உறுதி வாசகருக்குப் போய்ச் சேர்கிறது.

கூட்டமான இடத்தில் இந்தக் காதுக்கும் தடுமாற்றம் உண்டு. மோரிப் கடற்கரையில் நின்றால் மலாக்கா நீரிணையில் கப்பல்கள் வரிசைகட்டி நிற்பது தெரியும். சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பல்லாயிரம் கப்பல்களின் குரல் ஒரே நேரத்தில் வந்து விழுந்தால் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் கலங்கிவிடும். நம் நீரிணையில் கரை ஆண்டெனாவே தெளிவாகக் கேட்கும். நடுக்கடலுக்குத்தான் செய்மதி.

வானிலைப் பகுதி எனக்கு இன்னும் நெருக்கம். மழை பெய்து பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ஜுக்ரா மலைப் பக்கம் இருட்டினால் அம்மா முகமும் இருட்டும். இந்தச் செய்மதிகள் மேகத்தைப் படம் எடுப்பதில்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒன்று பூமியின் விளிம்புக்குப் பின்னால் மறையும் தருணத்தில், அதன் அலை காற்று மண்டலத்தை உரசிக்கொண்டு வரும். அப்போது வளையும், சற்றுத் தாமதிக்கும். எவ்வளவு வளைந்தது என்பதிலிருந்து எந்த உயரத்தில் எவ்வளவு வெப்பம், எவ்வளவு ஈரம் என்று கணக்கிடுகிறார்கள். மோரிப்பில் மாலைச் சூரியன் கடலைத் தொடுவதாக நாம் பார்க்கும்போது அது உண்மையில் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டிருக்கும். காற்று ஒளியை வளைத்துக் காட்டுகிறது. அதே வளைவுதான். இதற்கு ‘வானலை மறைப்பு’ என்று பெயர் வைக்கலாம். 2020இல் பெருந்தொற்றால் விமானங்கள் முடங்கி, அவை தந்துவந்த காற்றளவுகள் வானிலைக் கணிப்புக்குக் குறைந்தபோது, ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலைக் கணிப்பு மையம் ஸ்பயரின் இந்த அளவுகளை எடுத்துக்கொண்டது. கப்பல் தரவுத் தொழிலை ஸ்பயர் 2025இல் கேப்ளர் (Kpler) என்ற தரவு நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்டது; வானிலை தொடர்கிறது.

புதுச்சொல் மக்களிடம் நிற்குமா என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல். மலாய்க்காரர்கள் கப்பலை ‘காப்பால்’ என்கிறார்கள்; நம் கப்பல்தான் அது. விமானத்துக்குக் ‘காப்பால் தெர்பாங்’, பறக்கும் கப்பல். விண்கலத்துக்குக் ‘காப்பால் அங்காசா’, விண்வெளிக் கப்பல். கடலில் போன ஒரு தமிழ்ச்சொல் இன்னொரு மொழியில் ஏறி விண்வெளிவரை போயிருக்கிறது.

எழுதும் முறை: குறுஞ்செய்மதி, குறுஞ்செய்மதிகள், குறுஞ்செய்மதித் தொகுதி. ‘குறுசெய்மதி’ என்று ஞகர ஒற்றை விட்டு எழுத வேண்டாம். குறுஞ்செய்தியில் இருக்கும் அதே ஒற்று இங்கும் வரும். எடைவாரிப் பட்டியல் போடும் பொறியாளர்கள், நுண்ணுக்கும் சிறியது என்று காட்டவேண்டிய இடத்தில் மட்டும் மீநுண் செய்மதி என்று எழுதிக்கொள்ளட்டும். செய்திக்கும் பாடநூலுக்கும் குறுஞ்செய்மதி போதும். திங்கட்கிழமை பையனிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு வரி வந்தது: “டீச்சர், கப்பல் பினாங்கு தாண்டிருச்சு. இப்ப கரை ஆண்டெனாவே கேக்குது, குறுஞ்செய்மதி தேவையில்ல.”